ஸ்கை கேப்டன்: ஒரு திரைப்படத்தின் உள்ளுறை



இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு மேடையில் அமெரிக்க அறிவியல் புனைகதைப் படம் ஒன்றைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். எடுத்துக்கொண்ட பொருள் திரைப்படமே எனினும், அதிலிருந்து எழும் வினா கவிதைக்கு உரியது. முன்னோர் படைப்பிலிருந்து ஒன்றை எடுத்து ஒருவர் தம் படைப்பினுள் பதித்து வைக்கும்போது, அதற்கு என்ன பெயர்? வணக்கம் என்பதா, அணி என்பதா, களவு என்பதா?

படத்தின் பெயர் 'ஸ்கை கேப்டன் அண்ட் த வேர்ல்ட் ஆஃப் டுமாரோ'. கெரி கான்ரன் எழுதி இயக்க, 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. கதை நிகழும் காலம் 1939ஐ ஒட்டியது. அறிவியலாளர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமற் போகின்றனர். மாபெரும் எந்திர மனிதர்கள் நியூயார்க் தெருக்களில் அணிவகுத்து வந்து நிலத்தடியிலிருந்து மின்னாக்கிகளைப் பெயர்த்துச் செல்கின்றனர். வானோடி ஜோவும் செய்தியாளர் பாலியும் இதன் பின்னணியில் உள்ள டோட்டன்காஃப் என்னும் ஜெர்மானிய அறிஞனைத் தேடிப் புறப்படுகின்றனர். கதை இவ்வளவே. கான்ரன் தம் வீட்டு அறையில் நீலத்திரை கட்டி, ஒரு மாக்கின்டாஷ் கணினியின் துணையோடு நான்கு ஆண்டுகள் உழைத்து ஆறு நிமிடப் படம் ஒன்றை முதலில் உருவாக்கினார். அதுவே இப்பெரும் படத்துக்கு விதை. நடிகர்கள் பெரும்பாலும் வெற்று நீலத்திரையின் முன் நடித்தனர். நகரம், பனிமலை, கடல், தீவு எல்லாம் பின்னர்க் கணினியில் எழுந்தவை. பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு யாரோ மெல்லிய சாயம் ஏற்றியது போன்றதொரு தோற்றம் படம் முழுவதும் நிலவுகிறது.

இப்படத்தை ஒரு புதையல் வேட்டையாகவே பார்ப்பவர் உண்டு. வேட்டைக்குக் குறைவுமில்லை. எந்திர மனிதர்களின் உருவம் 1941இல் ஃபிளைஷர் கூடம் வெளியிட்ட சூப்பர்மேன் கேலிச்சித்திரப் படத்திலிருந்து வந்தது. இமயத்தில் காட்டப்படும் ஷாங்ரி-லா, ஜேம்ஸ் ஹில்டனின் 1933ஆம் ஆண்டு நாவலில் பிறந்து, ஃபிராங்க் காப்ராவின் 1937ஆம் ஆண்டுப் படத்தில் உருவம் பெற்ற ஊர். இவ்விரண்டையும் அடையாளம் காண்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது, ஆனால் கண்டுகொண்டபின் மேலே செல்ல வழியில்லை. அவை அணிகள். அழகாக இருக்கின்றன, அவ்வளவில் நின்றுவிடுகின்றன.

படத்தின் தொடக்கம் வேறு வகையானது. பனி பெய்யும் இரவில் ஒரு வான்கப்பல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் வந்து கட்டப்படுகிறது. கப்பலின் பெயர் மூன்றாம் ஹிண்டன்பர்க். 1931இல் அக்கட்டடம் எழுந்தபோது வான்கப்பல்களைக் கட்டுதற்கென்றே அதன் முடியில் கம்பம் ஒன்று அமைத்தனர். அந்த உயரத்தில் வீசிய காற்று அத்திட்டத்தை நடக்கவிடவில்லை. உண்மையான ஹிண்டன்பர்க் 1937 மே 6 அன்று லேக்ஹர்ஸ்டில் தீப்பற்றி வீழ்ந்தது, 36 உயிர்கள் மாண்டன. ஆக, எரிந்துபோன கப்பலின் பேர்த்தியை, பயன்படாமற்போன கம்பத்தில் கொணர்ந்து கட்டுகிறார் இயக்குநர். இங்கே நினைவுகூரப்படுவது பழைய படமன்று, ஒரு தலைமுறை கண்டு நிறைவேறாத கனவு. படத்தின் தலைப்பும் அத்தகையதே. 'நாளைய உலகம்' என்பது 1939இல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியின் மையக்கருத்து. அக்கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோதே, செப்டம்பரில், ஐரோப்பாவில் போர் மூண்டது. கண்காட்சி காட்டிய நாளை வரவில்லை. இதை அறிந்தவர்க்குத் தலைப்பைப் படிக்கும்போதே மனம் சற்றுக் கனக்கும்.

எந்திர மனிதர்கள் நெருங்கி வருகையில் பாலி தெருவோரத் தொலைபேசிக் கூண்டில் நின்று செய்தி சொல்கிறாள். அவை எந்த நிழற்சாலையைக் கடந்தன, அடுத்து எதை, இன்னும் எத்தனை கெஜம் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறாள். 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் வானொலியில் நிகழ்த்திய 'உலகங்களின் போர்' நாடகத்தில், மாடியொன்றின் மேல் நின்ற அறிவிப்பாளர் இவ்வாறே எண்ணி எண்ணிக் குரலடங்கிப் போவார். நாடகத்தை ஒலிபரப்பிய சி.பி.எஸ். நிறுவனத்தின் தலைவர் அப்போது வில்லியம் பேலி. படத்தில் பாலி பணிபுரியும் நாளிதழின் ஆசிரியர் பெயரும் பேலி. பெயர் ஒற்றுமை மட்டுமே இருந்தால் நான் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். வெல்ஸின் நாடகத்தை இவ்வளவு அணுக்கமாகப் பின்பற்றும் படத்தில் அமைந்திருப்பதால்தான் அப்பெயருக்கு எடை கூடுகிறது. சங்கப் பாட்டில் உள்ளுறை காணும் மாணவர்க்கும் நான் வகுப்பில் சொல்வது இதுவே: இடம் துணை நின்றாலன்றிப் பொருளைத் திணிக்காதீர்கள்.

உள்ளுறை என்றேன். அதை இங்குச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சாத்தனார் மணிமேகலையில் குறளை எடுத்தாளும்போது, அதைச் சொன்னவர் பொய்யில்லாத புலவர் என்று வெளிப்படையாகவே போற்றுகிறார். எடுத்தது மறைவில்லை, எடுத்தவர் யார் என்பதிலும் ஐயமில்லை. இது மேற்கோள். திரைப்படத்தில் 'என்றார் புலவர்' எனச் சொல்ல இடமில்லை. அங்கே முன்னோரைக் குறிப்பிட வேண்டுமெனில் காட்சிக்குள் ஒரு பொருளாக வைத்தாக வேண்டும். தொல்காப்பியர் உள்ளுறையைத் தெய்வம் நீங்கிய கருப்பொருள்மேல் நிறுத்துகிறார். வண்டும் வாளையும் எருமையும் அந்நிலத்தில் இயல்பாக இருப்பவை. அறியாதார்க்கு அவை நிலத்தின் காட்சி, அறிந்தார்க்குத் தலைவியின் உள்ளம். இரண்டில் எதுவும் மற்றதைக் கெடுப்பதில்லை.

இவ்விலக்கணத்துக்கு முற்றும் பொருந்தும் குறிப்பொன்று இப்படத்தில் இருக்கிறது. அஞ்சி ஒளிந்து வாழும் அறிவியலாளர் ஒருவரைப் பாலி இருண்ட திரையரங்கில் சந்திக்கிறாள். அரங்கில் ஓடிக்கொண்டிருப்பது 1939ஆம் ஆண்டுப் படமாகிய 'த விசார்ட் ஆஃப் ஓஸ்'. அக்காலத் திரையரங்கில் அக்காலப் படம் ஓடுவதில் என்ன வியப்பு? நிலத்துக்குரிய கருப்பொருள் என்று கடந்துபோய்விடுகிறோம். ஆனால் ஓஸ் படத்தின் கதையை எண்ணிப் பாருங்கள். தீயும் புகையும் சூழப் பேருருவத் தலையொன்று தோன்றி எல்லோரையும் அச்சுறுத்துகிறது. திரைச்சீலையை விலக்கினால், பின்னே விசைகளை இயக்கிக்கொண்டு நிற்பவன் ஓர் எளிய மனிதன். டோட்டன்காஃபும் இறுதியில் ஒளியால் ஆன பேருருவத் தலையாகவே தோன்றி முழங்குகிறான். நாயகர்கள் அதையும் கடந்து உள்ளே செல்கின்றனர். அங்கே எளிய மனிதனும் இல்லை. இருக்கையில் இருப்பது காய்ந்துபோன உடல். அவன் இறந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. மன்னிப்புக் கேட்டு எழுதிய சீட்டு மட்டும் எஞ்சியிருக்கிறது. அவன் இட்ட கட்டளையை எந்திரங்கள் தாமே நிறைவேற்றிக்கொண்டிருந்தன.

படத்தின் முடிவை இயக்குநர் தொடக்கப் பகுதியிலேயே, நம் கண்ணெதிரே, ஒரு வெள்ளைத்திரையில் ஓடவிட்டிருக்கிறார்! அதோடு பழைய கதைக்கு மறுமொழியும் சொல்லியிருக்கிறார். திரைக்குப் பின்னே நம்மைப் போன்ற ஒருவன் இருப்பான் என்பது 1939இன் ஆறுதல். பின்னே எவருமில்லை, எந்திரம் மட்டும் ஓடுகிறது என்பது இவர் கண்ட அச்சம். முன்னோர்க்கு வணக்கம் என்றால் இதைத்தான் வணக்கம் என்பேன்.

கடலடியில் சிதைந்து கிடக்கும் கப்பலொன்றின் பெயர் வெஞ்சர் என்பதையும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். 1933ஆம் ஆண்டுக் 'கிங் காங்' படத்தில் மண்டையோட்டுத் தீவுக்குச் சென்ற கப்பல் அது. டோட்டன்காஃப் என்னும் ஜெர்மன் சொல்லுக்கு மண்டையோடு என்றே பொருள். அறிந்தவர் நாயகர்க்கு முன்பே தீவை அடைந்துவிடுவர்.

இனி நெருடலான ஒரு செய்தி. டோட்டன்காஃபாகத் தோன்றுபவர் லாரன்ஸ் ஒலிவியர். அவர் மறைந்தது 1989இல். பழைய படச்சுருளிலிருந்து அவர் முகத்தை எடுத்துக் கணினியால் திருத்தி, மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் நடிக்க வைத்தனர். சொல்லை எடுத்தாள்வது வேறு, மறுக்க இயலாத ஒருவரின் முகத்தை எடுத்தாள்வது வேறு. இவ்விடத்தில் நாம் தயங்கத்தான் வேண்டும். எனினும் இப்படத்தளவில் என் தீர்ப்பு இயக்குநர் பக்கமே. ஏனெனில் இங்கே இறந்த நடிகர், இறந்த மனிதனாகவே தோன்றுகிறார். ஆள் போய்விட்டான், பிம்பம் ஆள்கிறது என்பதுதான் கதை. ஒலிவியரின் மறைவை அறிந்தவர்க்கு அத்தலை தோன்றிய கணமே உண்மை புலப்பட்டுவிடும். 2016இல் வந்த 'ரோக் ஒன்' படத்தை இதனருகில் வைத்துப் பாருங்கள். 1994இல் மறைந்த பீட்டர் குஷிங்கின் முகத்தை வேறொரு நடிகர்மீது கணினியால் ஏற்றி, உயிரோடு உலவும் பாத்திரமாக்கினர். அங்கே அவருடைய இறப்பை நாம் மறந்தால்தான் காட்சி நிற்கும். இங்கே நினைத்தால்தான் நிற்கும். இன்று எந்த முகத்தையும் எந்தக் குரலையும் எந்திரம் எளிதில் செய்து தருகிறது. பாவலர் ஒருவரின் குரலில் அவர் பாடாத பாட்டைப் பாடச் செய்வதும் கடினமன்று. ஆதலின் இவ்வேறுபாடு நமக்கும் வேண்டியதாகிறது.

இத்தனையும் சொன்னபின் குறையை மறைப்பது முறையன்று. ஏறத்தாழ 7 கோடி டாலர் செலவில் உருவான படம் உலகெங்கும் ஈட்டியது அதனினும் குறைவே. காரணம் பலவாகலாம். என் நோக்கில், அணியாக மட்டும் நிற்கும் குறிப்புகள் படத்தில் மிகுதி. அவற்றின் நெரிசலில் ஜோவும் பாலியும் பல இடங்களில் நிழலாகிவிடுகின்றனர். நம் புதுக்கவிதைகளிலும் அகலிகையும் கண்ணகியும் ஒரு வரியில் வந்து அடுத்த வரியில் காணாமற்போவதைப் பார்க்கிறோம். அவர்களை அழைத்தோமே, அமர இடம் கொடுத்தோமா?

படத்தின் கடைசிக் காட்சியைச் சொல்லி அமைகிறேன். பாலியின் நிழற்படக் கருவியில் இரண்டே படங்கள் மீதம். எத்தனையோ வியப்புகளைக் கண்டும், இதைவிடப் பெரிது வருமென்று அவற்றைக் காத்து வைக்கிறாள். ஒன்று தவறுதலாகத் தரையைப் பிடித்து வீணாகிறது. இறுதியில், டோட்டன்காஃபின் பேழையிலிருந்து விலங்குகளை ஏந்திய கலங்கள் வானிலிருந்து கடலில் இறங்கும் காட்சி கண்முன் விரிகிறது. அவள் கருவியைத் தூக்குகிறாள், பின் திரும்பி ஜோவைப் படம் பிடிக்கிறாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தபடி, வில்லையின் மூடியை நீ கழற்றவில்லையே என்கிறான். அதோடு படம் முடிகிறது. இக்காட்சியைச் சுவைக்க முந்தைய படம் எதையும் அறிந்திருக்கத் தேவையில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம், ஓஸும் வெல்ஸும் இன்னாரென்று அறியாத மாணவியர் அனைவரும் ஒருசேரச் சிரிக்கின்றனர்.