எழினியும் விளக்கும்

(திருப்பெரும்புதூரில் தொழிலாளத் தோழரிடையே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை ஆலைகள் நிரைநிரையாய் நிற்கின்றன. ஊர்தி உருவாகிறது, கண்ணாடி உருவாகிறது, செல்பேசி உருவாகிறது. ஒரு மயிரிழை அளவு பிழைத்தாலும் கதவு சட்டத்தில் பொருந்தாது, பொருள் கழிவாகும். இத்தகைய நுண்ணளவில் பழகிய கைகளே பொங்கல் நாளிலும் மேநாளிலும் மேடையேறி நாடகம் நடிக்கின்றன. அன்று மட்டும் அளவும் மறந்துபோகிறது; தமிழும் மறந்துபோகிறது. அரங்கமைப்பைச் 'செட்டிங்கு' என்கின்றனர். ஒளியமைப்பு 'இலைட்டிங்கு' ஆகிறது. ஒப்பனை 'மேக்கப்பு' ஆகிறது. மேடைத் தொழிலே மேலையர் தந்த கொடை என்னும் மயக்கம் இச்சொற்களோடு உள்ளே நுழைகிறது. சொல் இல்லாமையால் வாங்கிய கடனா இது? அன்று, கல்லாமையால் வாங்கிய கடன்.

1892-ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையோடு சிலப்பதிகாரத்தை அச்சேற்றினார். அதன் அரங்கேற்று காதையைத் திறந்து பார்க்க. மாதவி ஆடிய அரங்கின் அளவு அங்கே எண்ணால் கூறப்பட்டுள்ளது. மலையில் வளர்ந்த மூங்கிலில், கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளியுள்ளதைத் தேர்ந்தனர். இருபத்து நான்கு விரலளவில் கோல் செய்தனர். அக்கோலால் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாய் அரங்கை எடுத்தனர். தளத்துக்கும் மேல் உத்தரத்துக்கும் இடையே நான்கு கோல் விட்டனர். புகவும் வெளியேறவும் இரு வாயில் வைத்தனர். ஒரு விரலகலத்தை ஓர் அங்குலமாகக் கொண்டால், 14 அடி அகலம், 16 அடி நீளம், 2 அடி உயரம், மேலே 8 அடி இடைவெளி.

இவை வெறும் எண்களா? தரையில் அமர்ந்து காண்பவரின் கண் ஏறத்தாழ இரண்டரை அடி உயரத்தில் நிற்கும். இரண்டடி மேடையில் ஆடுபவளின் அடிவைப்பு அக்கண்ணுக்குச் சற்றே கீழே விழும். ஆதலின் காலும் தெரியும், முகமும் தெரியும். மேடை நான்கடி உயர்ந்தால் முன்வரிசையார் ஆடுபவளின் அடியைக் காணார். ஒரு கோல் என்னும் அளவின் பயன் இது.

விளக்கைக் கூறுமிடத்து, தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாது புறத்தே விழுமாறு விளக்கை நிறுத்தினர் என்கிறது காதை. தொல்காப்பியம் கூறும் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டு மெய்ப்பாடும் முதலில் தோன்றுவது முகத்தில் அல்லவா? தூணின் நிழல் முகத்தை இரண்டாக வெட்டினால் அழுகையும் நகைப்புக்கு இடமாகிவிடும்.

எழினியோ மூன்று. ஒருபுறமிருந்து இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இருபுறமிருந்தும் வந்து பொருந்துவது பொருமுக எழினி. மேலே மறைத்துக் கட்டப்பெறுவது கரந்துவரல் எழினி. ஒன்று விலகும்போது காட்சி ஓரத்திலிருந்து சிறிது சிறிதாய் விரியும். மற்றொன்று பிரியும்போது நடுவில் நிற்பவர் முதலில் தோன்றுவர். மூன்றாவது உயரும்போது அடி முதல் முடி வரை உருவம் எழும். எதை முதலில் காட்டுவது, எதைக் கடைசிவரை மறைப்பது என்னும் அறிவே அரங்கக் கலையின் உயிர். அவ்வறிவுக்கு மூன்று பெயர் வைத்திருந்த இனம் இன்று 'இசுகிரீன்' என்று ஒரே சொல்லால் நாவைச் சுருக்கிக்கொண்டது!

இவை ஏட்டோடு அழிந்தன என்று எண்ணற்க. காஞ்சிக்குத் தெற்கே, செய்யாற்றுப் பகுதியிலுள்ள புரிசை முதலிய ஊர்களில் இன்றும் கூத்து நடக்கிறது. இருவர் ஒரு திரையைப் பிடித்து நிற்பர். அதன் பின்னே வேடம் பூண்டவர் நின்று பாடுவார். மேலே முடி மட்டும் தெரியும், கீழே சலங்கைக் கால் தெரியும், முகம் தெரியாது. சுவைஞர் நெஞ்சு எதிர்பார்ப்பில் ஏங்கும். பின்னரே திரை விலகும். எழினியின் வேலையை இரு கைகள் செய்கின்றன!

எடை குறைந்த முருக்கமரத்தில் செதுக்கிய முடியும் தோளணியும் மார்பணியும் அணிவர். அவற்றில் கண்ணாடிச் சில்லுகள் பதிப்பர். பந்தத்தின் சுடர் அசைய அசைய அச்சில்லுகள் மின்னும். ஒரு மாந்தன் மலைபோல் பெருகித் தோன்றுவான். அதே வேடத்தை அசையாத வெண்குழல் விளக்கின்கீழ் நிறுத்துக; சில்லுகள் உறங்கிவிடும். ஒளி மிகுந்தது; ஆயின் காட்சி குறைந்தது. விளக்கின் வலிமையன்று, அது எங்கிருந்து எவ்வாறு விழுகிறது என்பதே பயனைத் தருகிறது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சிக் குழுக்களின் வழியே ஓவியத் திரைகளும் பொறியமைப்புகளும் தமிழ் மேடைக்கு வந்தன. கன்னையா, நவாபு இராசமாணிக்கம், பின்னாளில் ஆர்.எசு. மனோகர் ஆகியோரின் நாடகங்கள் காட்சி வியப்புக்குப் பெயர்பெற்றன. அவர்தம் உழைப்பு பெரிது. ஆயினும் பொறி வியப்பு மட்டும் தருவது எட்டில் ஒன்றாகிய மருட்கை. ஏனைய ஏழும் வேண்டுமாயின் கருவி கதைக்குப் பணிய வேண்டும். ஒளியைத் தணித்தால் அந்தி தோன்றும். நீலத்தாள் வழியே விட்டால் நிலவு தோன்றும். பகலவன் ஒளி மேலிருந்தே வருதலால், கீழிருந்து முகத்தில் வீசும் ஒளி இயற்கைக்கு மாறாய் அச்சம் விளைக்கும். பறை ஒலித்து நின்றபின் எழும் அமைதி, பறையினும் பெரிதாய்க் கேட்கும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. தேர்ந்த கண்ணும் செவியும் போதும்.

சூரியநாராயணர் என்னும் தம் பெயரையே பரிதிமாற்கலைஞர் எனத் தமிழாக்கிக்கொண்ட பெருமகன், 1897-இல் 'நாடகவியல்' என நாடகத்துக்கு இலக்கணநூல் செய்தார். செயிற்றியம், சயந்தம், குணநூல் ஆகிய பழங்கூத்துநூல்களின் பெயர்களை உரைகளில் காண்கிறோமேயன்றி, அந்நூல்கள் முழுமையாய்க் கைக்கு வரவில்லை. ஒரு முறை இழந்த இனம் மறுமுறையும் இழக்கலாமா?

இழப்பு இவ்வூரிலேயே நிகழக்கூடும் என்பதை எண்ணுக. கூத்து விடியவிடிய நடப்பது. ஆலையின் இரவுமுறையும் விடியவிடிய நடப்பது. ஓர் இளைஞன் ஓரிரவில் இரண்டு இடத்தில் இருத்தல் இயலாது. சோறு தரும் ஆலையைக் குறைகூறிப் பயனில்லை. ஆயின் ஆலை இரவை எடுத்துக்கொண்டால், விழா நாளையேனும் தமிழுக்குத் தருதல் கடனன்றோ?

ஆதலின் தோழர்களே! அடுத்த விழாவில் ஏழுக்கு எட்டுக் கோல் அரங்கு ஒன்றை எழுப்புக. அதைப் பொருத்தவும் பற்றவைக்கவும் மின்கம்பி இழுக்கவும் இவ்வூரில் ஆளுக்குக் குறைவில்லை. தூண் நிழல் முகத்தில் விழாது விளக்கை நிறுத்துக. கூத்துக் கலைஞரை விருந்தினராய் அழைத்துப் பந்த ஒளியில் ஒரு வேடம் காட்டச் சொல்க. அரங்கமைப்பு, ஒளியமைப்பு, ஒப்பனை, எழினி, குவிவிளக்கு, ஒலிவாங்கி என்னும் சொற்களை அறிவிப்பிலும் அழைப்பிதழிலும் நாவிலும் பழக்குக. கையில் தொழில் இருக்கிறது. ஏட்டில் அளவு இருக்கிறது. நாவில் சொல் மட்டும் திரும்ப வேண்டும்.

எழினி விலகட்டும்! தமிழ் தோன்றட்டும்!