சிடன்காமில் எரிந்த அஜந்தா



இதே இலண்டனில், தெற்கே சிடன்காமில், அஜந்தா ஒருமுறை தீயில் வெந்தது. 1866 டிசம்பர் கடைசியில். குகைகள் அல்ல, அவற்றின் சுவரோவியங்களைப் பார்த்து எழுதிய பெரிய பெரிய பிரதிகள்.

எழுதியவர் இராபர்ட் கில், சென்னைப் படை அதிகாரி. 1819இல் அந்தக் குகைகளைக் கண்ட ஜான் ஸ்மித்தும் சென்னைப் படைக்காரர்தான். கட்டடக்கலை அறிஞர் ஜேம்ஸ் பெர்குசன் விடாமல் வற்புறுத்த, 1844இல் கிழக்கிந்தியக் கம்பெனி கில்லை இந்த வேலைக்கு அமர்த்தியது. ஆண்டுக்கணக்கில் எழுதி எழுதி இலண்டனுக்கு அனுப்பினார். சிடன்காமில் இருந்த படிக மாளிகையில் பார்வைக்கு வைத்திருந்தபோது தீப்பிடித்தது. மிஞ்சியவை மிகச் சில.

நல்லவேளையாக, அதற்கு முன்பே அவர் கேமராவையும் தூக்கியிருந்தார். அந்தக் காலத்தில் படமெடுப்பது லேசான காரியமில்லை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் எடுத்து, பக்கத்திலேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவியாக வேண்டும். தக்காணத்து வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? போதாததற்கு, அந்தத் தகட்டுக்கு நீலம்தான் நன்றாகத் தெரியும். சிவப்பும் மஞ்சளும் கறுத்துவிடும். அஜந்தா ஓவியங்களிலோ செங்காவிக்கும் மஞ்சள் காவிக்கும் குறைவில்லை! தூணும் வாயிலும் சிற்பமும்தான் அதற்குத் தோதுப்பட்டன.

1864இல் பெர்குசன் உரையெழுத, அஜந்தா, எல்லோராப் படங்கள் 74 சேர்ந்து, 'இந்தியாவின் குடைவரைக் கோயில்கள்' என்ற நூல் வந்தது. ஓவியம் ஒன்றே ஒன்று, எரிந்தால் போயிற்று. படத்தின் அச்சுகளோ பல கைகளுக்குப் போய்விட்டன. தீ அங்கெல்லாம் எட்டவில்லை. கில் என்றால் பாரோ என்ற பெண்ணுடனான காதலைத்தான் பேசுகிறார்கள், மராத்தியில் சினிமாவே வந்துவிட்டது. என்னைக் கேட்டால், அவருடைய பெரிய சாதனை இந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான்.

தமிழகத்துக்கு இப்படி வாய்த்தவர் லின்னேயஸ் ட்ரைப். திருச்சி மலைக்கோட்டை, மதுரை, தஞ்சை எல்லாவற்றையும் எடுத்து 1858இல் தொகுதிகளாக வெளியிட்டார்.

தீயில் தப்பிய கில் ஓவியங்கள் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கில், ட்ரைப் இருவரும் எடுத்த படங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் உண்டு. எல்லாம் எப்போதும் பார்வைக்கு இருக்காது. முன்கூட்டியே கேட்க வேண்டும். நம் செயலாளர் இந்த வாரமே இரண்டு இடங்களுக்கும் கடிதம் எழுதட்டும். அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போவோம்.