வாயிற்பொறியும் நம் பதிவேடும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

சங்கத்து நூலகப் பட்டியலையும் உறுப்பினர் பதிவேட்டையும் காலனியிலுள்ள ஒவ்வொரு வீட்டாரும் கைப்பேசியில் காணச் செய்தல் வேண்டும் என்பது பலர் விருப்பம். விருப்பம் நன்றே. ஆயினும் பதிவேட்டில் நம் முகவரிகளும் குழந்தைகளின் வயதும் உள்ளன. ஆகவே வழியைத் திறக்குமுன் அதன் இயல்பை அறிதல் நம் கடமையாகும்.

சங்க அறைக் கணிப்பொறியின் எண் 192.168 எனத் தொடங்குகிறது. 10 எனத் தொடங்குவனவும், 172.16 முதல் 172.31 வரையுள்ளனவும் இத்தகையனவே. இவை தனி வலையமைப்புகளுக்கு உரியன என 1996-இல் வகுத்துள்ளனர். ஒரே எண் பல்லாயிரம் வீடுகளில் இருக்கலாம். ஆதலின் பொது இணையத்திலிருந்து அதற்கு நேர்வழி இல்லை.

எனவே பொது முகவரியுடைய 'கேட்வே' என்னும் வாயிற்பொறியை முன்னே நிறுத்துகின்றனர். வெளியார் வேண்டுகோளை அது ஏற்று, அனுமதிக்கப்பட்டதை மட்டும் உள்ளே அனுப்பி, விடையைப் பெற்றுக் கேட்டவர்க்கு அளிக்கும். உட்பொறியை எட்ட இயலாவிடின் 502 என்றும், உரிய காலத்தில் விடை வாராவிடின் 504 என்றும் அறிவிக்கும். இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட 'எஞ்சின்-எக்ஸ்' என்னும் மென்பொருள் இப்பணிக்குப் பெரிதும் பயன்படுகிறது.

அகலப் பாதை வண்டியிலிருந்து மீட்டர் பாதை வண்டிக்குச் சரக்கை மாற்றியேற்றிய நாளில், வண்டி மாறினும் அனுப்பியவர் பெயர் சீட்டில் உடன் சென்றது. ரயில்வேக் குடும்பத்தாராகிய நாம் இதனை அறிவோம். இங்கும் அத்தகைய சீட்டு தேவை. வாயிற்பொறி அனுப்புவன யாவும் அதனிடமிருந்தே பிறந்தனபோல் உட்பொறிக்குத் தோன்றும். ஆகையால் கேட்டவரின் எண்ணை 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' என்னும் வரியில் எழுதி அனுப்புகின்றனர்.

அவ்வரியை வெளியார் பொய்யாகவும் எழுதி அனுப்பக்கூடும். அதனை நீக்கி, தான் கண்ட எண்ணையே வாயிற்பொறி எழுதுதல் வேண்டும். வாயிற்பொறி எழுதியதை மட்டுமே உட்பொறி நம்புதல் வேண்டும். "உள் எண்ணிலிருந்து வருபவர் நம்மவர்" எனக் கடவுச்சொல் கேளாது விடின், வழிப்போக்கர் அனைவரும் நம்மவராகி விடுவர்! வாயில் இருந்தும் காவல் இராது.

ஆதலின், நூலகப் பட்டியல் மட்டும் வாயில் வழியே செல்லட்டும். குடும்பப் பதிவேடு சங்க அறைக்குள்ளேயே, கடவுச்சொல்லுடன் இருக்கட்டும் என நிர்வாகக் குழுவினரை வேண்டிக்கொள்கிறோம். விருந்தினர்க்குத் திண்ணை உண்டு; பெட்டகம் உள்ளறையிலேயே இருத்தல் நம் முன்னோர் வழக்கமன்றோ?