தேயாத நாணயங்கள்



வட சென்னையில் வாழ்வோர் அனைவர்க்கும் தங்கசாலைத் தெரு அறிமுகமானதே. கிழக்கிந்தியக் கும்பெனியார் காலத்து நாணயச்சாலை அத்தெருவின் வடகோடியில் இயங்கிற்று. 1869-ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. கட்டடம் பின்னர் அரசினர் அச்சகத்துக்குப் பயன்பட்டது. நம் நாட்டில் நிக்கல் கலந்த காசு முதன்முதலாக வெளிவந்ததோ 1907-ஆம் ஆண்டில். ஆதலின் நம் தங்கசாலையில் நிக்கல் காசு ஒன்றேனும் அடிக்கப்பட்டதில்லை. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் நாம் கையாண்ட நிக்கல் நாணயங்கள் யாவும் பம்பாய், கல்கத்தா முதலிய வெளியூர் நாணயச்சாலைகளில் பிறந்து, மூட்டைகளில் கட்டுண்டு, நெடுந்தொலைவு பயணம் செய்து வந்தவை. இச்செய்தியை முதற்கண் கூறுவதற்குக் காரணம் உண்டு. அது போகப்போக விளங்கும்.

கோடிக்கணக்கில் அடிக்கப்பட்ட நாணயம் எப்படி அரிய பொருளாகும்? நாணயம் சேர்ப்போர் சிலர், 1950-ஆம் ஆண்டு ரூபாயையோ 1962-ஆம் ஆண்டு ரூபாயையோ தடித்த பிளாஸ்டிக் பேழையில் அடைத்து, அதன்மேல் ஓர் எண்ணைப் பொறித்து, அதே ஆண்டுச் சாதாரண ரூபாயைப்போலப் பன்மடங்கு விலை கூறுகின்றனர். கேட்போர்க்கு இது பித்தலாட்டமாகவே தோன்றும். அஃது அவ்வளவும் பித்தலாட்டமன்று. ஆனால் அவ்வளவும் உண்மையும் அன்று.

முதலில் காசின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1907-இல் வந்த ஓரணாவில் செம்பே மிகுதி, நிக்கல் குறைவு. முதல் உலகப் போரில் வெள்ளி அருகியபோது, சதுர இரண்டணாவும், எண்கோண நாலணாவும், வட்ட எட்டணாவும் அதே கலவையில் வெளிவந்தன. எட்டணாவுக்குப் போலிகள் பெருகவே, 1920-களில் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியா அமெரிக்காவிடமிருந்து ஏறத்தாழ 22 கோடியே 60 இலட்சம் அவுன்சு வெள்ளியைக் கடனாகப் பெற்றது. போர் முடிந்த பின் அந்த வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். எனவே வெள்ளி கலந்த நாணயங்களை மீட்டுக்கொண்டு, அவற்றினிடத்தில் தூய நிக்கல் நாணயங்களை வழங்கத் தொடங்கினர். 1946-இல் நாலணாவும் எட்டணாவும், 1947-இல் ரூபாயும் ஒருபுறம் மன்னர் தலையும் மறுபுறம் புலியுமாக வெளிவந்தன. 1950 ஆகஸ்டு 15-ஆம் நாள் குடியரசின் காசுகள் வந்தபோது மன்னர் இருந்த இடத்தில் அசோகர் தூணின் சிங்கங்களும், புலி இருந்த இடத்தில் தானியக் கதிர்களும் அமர்ந்தன. 1957 ஏப்ரல் 1 முதல் தசம முறை. அதன்பின் 25 நயா பைசா, 50 நயா பைசா, 1962-இல் புதிய ரூபாய் என எல்லாம் நிக்கலே. 25 காசு இரண்டரைக் கிராம், 50 காசு ஐந்து கிராம், ரூபாய் பத்துக் கிராம். நான்கு கால்ரூபாயைத் தராசின் ஒரு தட்டிலும் ஒரு முழு ரூபாயை மறு தட்டிலும் வைத்துப் பின்னக் கணக்கு நடத்துவதற்கு இதனினும் சிறந்த கருவி எந்தப் பள்ளிக்கும் கிடைத்திராது. 1970-களில் தூய நிக்கல் நீங்கி மீண்டும் செம்பு-நிக்கற் கலவை வந்துவிட்டது.

இனி உலோகத்தின் குணத்துக்கு வருவோம். முடிச்சு இங்கேதான் இருக்கிறது. நிக்கல் கடினமானது. 1455 பாகை செல்சியசு வெப்பத்தில்தான் உருகும். செம்போ 1085 பாகையிலேயே உருகிவிடும். வெள்ளி வில்லை அச்சின் பள்ளங்களில் எளிதாகப் பாய்ந்து நிரம்பும். நிக்கல் வில்லை முரண்டு பிடிக்கும். அழுத்தத்தைக் கூட்டினால் அச்சு வெடிக்கும், விரைவில் தேயும். குறைத்தால் மேடான பகுதிகள் நிரம்பாமல் மழுங்கிப் பிறக்கும். நாளொன்றுக்கு இலட்சக்கணக்கில் அடித்துத் தள்ள வேண்டிய நாணயச்சாலை அச்சைக் காப்பாற்றவே முயலும். அதனைக் குறை கூறுவதற்கில்லை. விளைவு யாதெனில், நடுச்சிங்கத்தின் முகமும் பிடரியும் பிறவியிலேயே தெளிவில்லாத காசுகள் பல வெளிவந்தன. பழகித் தேய்ந்த காசுக்கும் பிறவியில் மழுங்கிய காசுக்கும் வேற்றுமை உண்டு. தேய்ந்த இடம் வழவழப்பாய் ஒளியிழந்து சாம்பல் நிறம் காட்டும். மழுங்கிப் பிறந்த இடத்தில் வில்லையின் பழைய சொரசொரப்பு மாறாமலிருக்கும். உருப்பெருக்கி ஒன்று கையிலிருந்தால் பத்து வயதுச் சிறுவனும் இதனைக் கண்டுகொள்வான்.

இக்குறை நம் நாட்டுக்கே உரியதன்று. அமெரிக்காவில் 'நிக்கல்' என்றே வழங்கும் ஐந்து சென்ட் காசின் பின்புறத்தில் ஜெபர்சனின் மாளிகை உள்ளது. அதன் வாயிற்படிகள் ஐந்தோ ஆறோ முழுமையாகத் தெரிந்தால்தான் அங்குள்ளோர் அதனை உயர்நிலைக் காசு என்பர். 1953-இல் சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலை அக்காசினை 1 கோடியே 92 இலட்சத்துக்கு மேல் அடித்தது. அவற்றுள் படி முழுதும் தெரியும் காசுகள் மிகச் சிலவே அகப்பட்டுள்ளன. அடித்த தொகை வேறு, அழகாக அடித்த தொகை வேறு.

நன்றாகப் பிறந்த காசும் நெடுநாள் நன்றாக இருப்பதில்லை. சாக்கு மூட்டையில் ஒன்றோடொன்று மோதி, விளிம்பு பட்டுக் கீறல் விழும். நாணயச்சாலை இல்லாத நம் ஊருக்கு இந்த மூட்டைப் பயணம் மிகுதி. வந்திறங்கியபின் வட சென்னையில் காசு பட்ட பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ! காசிமேட்டில் மீன் விற்கும் பெண்டிரின் சுருக்குப்பையில் உப்புநீரும் செதிலும் ஊறிய காசு. துறைமுகத்துச் சுமைதூக்குவோர் இடுப்பு மடிப்பில் வியர்வையில் நனைந்த காசு. ஆலை வாயிலில் தேநீர்க் கடைப் பலகைமேல் நாளெல்லாம் தேய்ந்த காசு. எங்கள் பள்ளிப் பிள்ளைகளோ, இருப்புப்பாதையின்மேல் பத்துக் காசை வைத்து, வண்டி சென்ற பின் அது தகடாகிக் கிடப்பதைக் கண்டு குதூகலிப்பர். எத்துணை முறை கண்டித்தும் பயனில்லை. இவ்வாறெல்லாம் உழைக்கத்தானே காசு பிறந்தது? உழையாமல் ஒளிந்திருந்த சில காசுகளே இன்று 'முதல்தரம்' என்னும் பெயர் பெறுகின்றன.

அத்தரத்தை அளப்பது எவ்வாறு? வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்கர், மனிதரின் உடலமைப்பைக் கொண்டு குணத்தை அளக்க முயன்ற உளவியலார், 1949-இல் பழைய செப்புச் சென்ட் காசுகளுக்கு ஒன்று முதல் எழுபது வரை ஓர் அளவுகோல் வகுத்தார். பின்னர் அது எல்லாக் காசுகளுக்கும் பரவிற்று. 60 முதல் 70 வரை, புழக்கத்துக்கே வாராத காசுகளுக்கு உரியவை. 1986-இலும் 1987-இலும் அமெரிக்காவில் தோன்றிய இரு நிறுவனங்கள் காசினை ஆராய்ந்து, எண்ணிட்டு, பேழையில் அடைத்துத் தருகின்றன. 65-க்கும் 67-க்கும் உள்ள வேற்றுமை ஒரு சிறு கீறலாயிருக்கலாம். விலையிலோ அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறக் கடமைப்பட்டுள்ளேன். 'இந்த ஆண்டுக் காசுக்கு இந்த எண் பெற்றவை உலகில் மூன்றே' என்று விற்போர் கூறுவர். அம்மூன்று, அந்நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டவற்றுள் மூன்று. அனுப்பப்படாதவை எத்துணை என்பதை அக்கணக்கு கூறாது. நம் நாட்டில் ஒரு ரூபாய்க் காசுக்குக் கடல் கடந்த கட்டணம் செலுத்தி அனுப்புவோர் எத்துணை பேர்? பெட்டியிலும் பரணிலும் கிடப்பவை நாளை வெளிப்படின் மூன்று முப்பதாகும். மறுபுறம், கூடுதல் எண் கிடைக்குமோ என்னும் ஆசையால் ஒரே காசைப் பேழையை உடைத்து மீண்டும் மீண்டும் அனுப்புவோரும் உளர். ஒன்று இரண்டாக எண்ணப்படுவதும் உண்டு. ஆகையால் பேழையின்மேல் உள்ள எண் காசின் நிலைக்குச் சான்று. அதன் அருமைக்கு முழுச் சான்றாகாது.

என்னிடம் பயின்ற ஒருவரின் தந்தையார் திருவொற்றியூர்ப் பக்கத்து ஆலையொன்றில் பணியாற்றியவர். சம்பளத்தில் புத்தம்புதிய ரூபாய் வந்தால் அதில் ஒன்றை எடுத்துக் காகிதத்தில் மடித்து, ஒரு பால்மாவு டப்பாவில் போட்டு வைப்பது அவர் வழக்கம். ஏனென்று அவர் எவரிடமும் சொன்னதில்லை. அவர் மறைந்த பின் டப்பாவைத் திறந்தனர். அறுபதாண்டு ஒரு கையும் படாத காசுகள்! ஆயுத பூசைக்குப் படைக்க வேண்டுமென்று வீட்டார் அத்தனையையும் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிக் கவிழ்த்துவிட்டனர். பித்தளைக் குடத்துக்குச் செய்வதைக் காசுக்கும் செய்தனர், அவர்களை நோவானேன்? புதுக் காசைச் சாய்த்துப் பிடித்தால் அதன்மேல் ஒளி சக்கரம்போலச் சுழலும். துலக்கிய காசில் அவ்வொளி மடிந்து, மயிரிழை போன்ற கீறல்களே மின்னும். அத்தகைய காசுக்கு மேற்சொன்ன நிறுவனங்கள் எண் தருவதில்லை. 'துலக்கப்பட்டது' என்று குறித்துத் திருப்பிவிடும்.

துன்பம் அத்துடன் நிற்கவில்லை. பழைய ரூபாய்க்கு ஐந்து இலட்சம் தருவதாகத் தொலைபேசியில் ஒருவன் கூறினான். பதிவுக் கட்டணம் என்று முதலில் ஒரு தொகையும், வரி என்று மற்றொரு தொகையும் கறந்துகொண்டு மறைந்தான். தந்தை சேர்த்த காசை விற்றுத் தங்கையின் திருமணக் கடனை அடைக்கலாமென்று எண்ணிய குடும்பம், கையிலிருந்ததையும் இழந்தது. ரிசர்வ் வங்கி 2021-ஆம் ஆண்டிலேயே இதனைக் குறித்து அறிக்கை விடுத்துள்ளது. பழைய காசு வாங்கும் விற்கும் எவ்வகை வாணிகத்திலும் அவ்வங்கி ஈடுபடுவதில்லை. அதற்காகக் கட்டணம் எதுவும் கேட்பதுமில்லை. வாங்குவோன் பணம் தருவானேயன்றி, பணம் கேட்கமாட்டான்.

உங்கள் இல்லத்திலும் இத்தகைய டப்பா ஒன்று இருக்கக்கூடும். அதிலுள்ள காசு தூய நிக்கலா என்றறியக் காந்தம் போதும். தூய நிக்கலைக் காந்தம் ஈர்க்கும், செம்பு-நிக்கலை ஈர்க்காது. 1988-க்குப் பின் வந்த துருவேறா எஃகுக் காசுகளையும் காந்தம் ஈர்க்குமாதலால், ஆண்டையும் பார்த்துக்கொள்க. 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாதனவாயின. அதனால் அவற்றை எடைக்குப் போட்டுவிட வேண்டா. காசின் முகத்தைத் தொடாமல் விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். புளி, சாம்பல், பற்பொடி எதுவும் ஆகா. கடைகளில் விற்கும் மெல்லிய வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் உறைகள் சில, நாளடைவில் பசையாகக் கசிந்து காசைப் பச்சை படியச் செய்யும். கடற்காற்று வீசும் நம் பகுதியில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். உலர்ந்த காகித உறையே மேல். காசை உள்ளே இடுமுன், யார் சேர்த்தது, எந்த ஆண்டில், எங்கே பெற்றது என்பதை உறையின்மேல் பென்சிலால் எழுதிவிடுக. காசு உள்ளிருக்கும்போது எழுதினால் அழுத்தம் அதன்மேல் படியும்.