பத்துப் பதுமைகளும் ஒரு படகும்



இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் என்னும் கடற்கரைப் பகுதி உண்டு. அக்கரைக்கு அப்பால் ஒரு சிறு தீவைக் கற்பனை செய்து, அகதா கிறிஸ்டி அம்மையார் 1939-ஆம் ஆண்டில் ஒரு மர்மப் புதினம் வெளியிட்டார். 1943-இல் தாமே அதனை நாடகமாக்கினார். 1956-இல், முன்பு பள்ளியாசிரியராயிருந்த மைக்கேல் கிராஃப்ட் லண்டனில் தேசிய இளைஞர் நாடக மன்றத்தைத் தோற்றுவித்தார். இளைஞர் அரங்கு தழைத்த அந்நாட்டில், மாணவர் குழுக்கள் விரும்பி நடிக்கும் நாடகங்களுள் இதுவும் ஒன்று.

கதை எளியது. பதின்மர் தீவு மாளிகையொன்றில் கூடுகின்றனர். ஓர் இசைத்தட்டு சுழல்கிறது. ஒவ்வொருவரும் ஓர் உயிர் மாளக் காரணமாயினர் என்று அதிலிருந்து ஒரு குரல் பழி சாற்றுகிறது. பின்னர் அவர்கள் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். கணப்புமாடத்தின்மேல் உள்ள பத்துப் பதுமைகளும் ஒவ்வொன்றாய் மறைகின்றன. புயல் வீசுகிறது; படகு வரவில்லை.

களம் ஒரே அறைதான். கடல் மேடைக்கு வருவதில்லை; அலையோசையாலும் காற்றொலியாலும் அதனை உணர்த்தல் வேண்டும். பார்ப்பவர் கண்முன்னேயே, அவர் அறியாமல், பதுமையை அகற்றல் வேண்டும். ஒருவர் ஒரு கணம் தவறினும் மர்மம் குலைந்துபோம். முதல் அங்கத்திலேயே இறந்துவிடும் பாத்திரத்தை ஏற்றவன், எஞ்சிய பொழுதெல்லாம் திரைக்குப்பின் ஓசையின்றித் தோழர்க்குத் துணை நிற்றல் வேண்டும். கைத்தட்டலை மட்டும் நாடுவோனுக்கு இப்பொறுமை வாராது. நான் பள்ளியில் நாடகம் பயிற்றிய நாளில், சிறு வேடத்தைச் செம்மையாய்ச் செய்த மாணவனையே பெரு வேடத்திற்கு உரியவனாகக் கருதினேன்.

இனி முடிவைக் காண்போம். புதினத்தில் எவரும் பிழைப்பதில்லை. போர்க்காலத்தில் மேடையேறிய நாடகத்திலோ இருவர் பிழைக்கின்றனர். 2005-இல் லண்டனில் அரங்கேறிய புதிய வடிவம், புதினத்தின் முடிவையே மீண்டும் ஏற்றது. இரண்டில் எது ஏற்றது என நடிக்கும் இளைஞர் தமக்குள் வாதிடுதல் நன்று. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க: அவ்விருவரையும் காக்க விழைந்த ஆசிரியர், முடிவை மட்டும் மாற்றவில்லை, அவர்தம் பழைய குற்றத்தையும் இல்லையென்றாக்கினார். ஆசிரியரின் எழுதுகோல் சென்ற காலத்தையும் திருத்தவல்லது. நமக்கு அவ்வாற்றல் இல்லை. ஆதலின், நாளை நாம் அஞ்ச நேராத செயலை இன்றே செய்வோமாக.