கப்பல் ஏறும் முன்



போர்ட் பிளேயரிலிருந்து, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, சென்னைக்குக் கப்பலில் போக ஏறக்குறைய மூன்று நாள். பல வருஷமாகத் தினமும் குடித்தவரை "அங்கே போய் மருத்துவமனையில் சேர்த்துடலாம்" என்று நம்பி, கிளம்பும் அன்றே பாட்டிலைப் பிடுங்கிவிட்டு ஹாடோ துறைமுகத்தில் கப்பலேற்றினால் என்ன ஆகும்? நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால் அந்த மூன்று நாள்தான் ஆபத்தான காலம்.

மதுவின் மந்தத்தை ஈடுகட்ட, குடிப்பவரின் மூளை எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து பழகிவிடுகிறது. மது சட்டென்று நின்றால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்துச் சிலருக்குப் புத்தி தடுமாறும்: இல்லாத பூச்சியைப் போர்வையிலிருந்து தட்டிவிடுவார், மனைவியையே யாரென்று கேட்பார். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே முதலில் ஊரிலேயே இருக்கும் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். வலிப்பைத் தடுக்கும் மாத்திரையை டாக்டர் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். நினைவாற்றலைக் காக்க பி-1 வைட்டமின் தருவார். பிறகு ஆசையைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் ஆலோசனையும் உண்டு. டைசல்ஃபிராம் என்றொரு மாத்திரையும் உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். அதை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கவே கூடாது. ரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகலாம்.

எவ்வளவு சீக்கிரம் விடுகிறாரோ அவ்வளவு நல்லது: கல்லீரலில் கொழுப்பு படிந்த நிலையில் குடியை விட்டால் பெரும்பாலும் தேறிவிடும். சுருங்கித் தழும்பேறிய பிறகு அப்படி முழுசாகத் திரும்பாது. வாய், தொண்டை, உணவுக்குழாய், மார்பகப் புற்றுநோய்க்கும் மது காரணமாகிறது.

குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் சிகிச்சை அமைப்பு தொடங்கினார். அதுவே டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. குடி ஒரு நோய், குணக்கேடு அல்ல என்று குடும்பங்களையும் உட்காரவைத்துச் சொன்ன இடம் அது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் வெட்கம் விடவில்லை. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைத்திருக்கிறது.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் திட்டாதீர்கள், ஒளித்தும் வைக்காதீர்கள். போதை மீட்புக்கு 14446, மனநல உதவிக்கு 14416. இரண்டுமே இலவச எண்கள். இன்றே கூப்பிடுங்கள்.