புகை எச்சரிப்பானும் வீட்டு மின்சாரமும்



2024 அக்டோபர் 6ஆம் நாள் அதிகாலையில் மும்பை செம்பூரின் சித்தார்த் காலனியில் ஒரு கட்டடம் தீப்பற்றியது. கீழ்த்தளம் கடை, மேலே குடியிருப்பு. கடையின் மின்கம்பிகளிலும் மின்சாதனங்களிலும் தொடங்கியதாகக் கூறப்பட்ட தீ மேலே பரவியது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த எழுவர் மாண்டனர்.

கீழே தொழில், மேலே உறக்கம் என்பது தாராவிச் சந்துகளின் அன்றாட வாழ்க்கை. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களிலோ, விளக்குக்கும் விசிறிக்கும் என இழுத்த கம்பிகளின் மீது குளிர்சாதனப் பெட்டியும் வெந்நீர்க் கருவியும் ஏறிவிடுகின்றன. உறங்குபவரைத் தீயின் சுடருக்கு முன்னரே புகை தாக்குகிறது. எனவே அவரை எழுப்பிவிடும் புகை எச்சரிப்பான் ஆடம்பரப் பொருள் அன்று.

இது இரு வகைப்படும். ஒன்று, பாட்டரியால் மட்டும் இயங்குவது. இதனால் மின் அதிர்ச்சி அபாயம் இல்லை. கம்பிகள் பழுதுபட்ட வீட்டுக்கு இதுவே ஏற்றது. மற்றொன்று, வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்குவது. மின்தடையின்போது உதவ இதனுள்ளும் ஒரு பாட்டரி உண்டு. குழப்பம் எழுவது இங்கேதான்.

மெயினை நிறுத்திய பின்னும் பாட்டரியின் பலத்தில் கருவி ஒலிக்கலாம். மாறாக, பழுதடைந்த கருவி மௌனமாக இருக்க, அதன் இணைப்பில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆகவே ஒலியைக் கொண்டோ மௌனத்தைக் கொண்டோ மின்சாரம் உண்டா இல்லையா என்று முடிவு செய்யலாகாது.

சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் நம்புவதும் தவறு. ஃபேஸ் கம்பியில் இருக்க வேண்டிய சுவிட்சு நியூட்ரல் கம்பியில் மாட்டப்பட்டிருந்தால், விளக்கு அணைந்தாலும் ஆபத்து அணையாது. இரு கம்பிகளையும் துண்டிக்கும் மெயின் சுவிட்சையே நிறுத்த வேண்டும். பல வீட்டு மீட்டர்கள் மாடிப்படியடியில் ஒன்றாக இருக்குமிடத்தில், விவரமறியாத ஒருவர் மீண்டும் போட்டுவிடக்கூடும். வீட்டுப் பியூஸ் கட்டையைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்வது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. அதன் பிறகும் சோதித்துப் பார்த்தே தொட வேண்டும்.

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. 6 ஆம்பியர் துண்டிப்பான் கம்பியைக் காக்குமேயன்றி மனிதரைக் காக்காது. அதைவிடப் பன்மடங்கு குறைந்த மின்னோட்டமே உயிரைப் போக்கிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் மின்கசிவுத் துண்டிப்பானும் சரியான எர்த் இணைப்பும் ஏழை வீட்டுக்கும் இன்றியமையாதவை.

மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்துவது, மெயினை நிறுத்தி உலர்ந்த தூரிகையால் தூசி நீக்குவது, மாற்றத்தக்க பாட்டரியை மாற்றுவது ஆகியவை வீட்டார் செய்யத்தக்கவை. ஈரத் துணியும் இரும்பு ஏணியும் ஆகா. கம்பி இணைப்பு உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. பத்தாண்டுகள் ஆன கருவியை மாற்றிவிட வேண்டும்.

அடுக்குமாடிகளில் கருவி பொது அமைப்பின் ஓர் உறுப்பு. குடியிருப்பவர் அதைக் கழற்றலாகாது. மகாராஷ்டிரத்தின் 2006ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டம், அது பொருந்தும் கட்டடங்களில் இத்தகைய அமைப்புகளைப் பேணும் பொறுப்பை உரிமையாளர் அல்லது குடியிருப்போரிடம் ஒப்படைத்துள்ளது.

சமையல் புகைக்கு அலறுகிறதென்று கழற்றிப் பரணில் போட்ட கருவி யாரையும் எழுப்பாது. அதை அடுப்படிக்குச் சற்றுத் தள்ளி மாட்டச் செய்வதே பரிகாரம். வேலை முடிந்ததும் மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்து, ஒருமுறை ஒலிக்கச் செய்து கேட்ட பிறகே அன்றிரவு உறங்கச் செல்ல வேண்டும்.